இடது கை சிவந்த நாள்

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவரின் வலது கையும் இடது கையும் ஒரே ஆளுடையவை என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஜன்னல் வெயில் முழுவதையும் வாங்கி வலது கை கறுத்திருந்தது. இடது கை நிழலிலேயே சொகுசாகக் காலம் தள்ளியது.

கோடையில் வலது கை எரிய எரிய வீடு திரும்புவார். மனைவி வெள்ளரிக்காயைத் துருவித் தயிரில் கலந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அப்புவாள். அது காயும் அரைமணி நேரத்தில்தான் அன்றைய கதையெல்லாம் வெளியே வரும். டிக்கெட் எடுக்காமல் குதித்து ஓடியவன், குடையைத் தவறவிட்டு அழுத டீச்சர்.

"கைய ஆட்டாம பேசுங்க" என்பாள் அவள்.

ஓய்வு பெற்றதும் கை ஆறியது; கதையும் நின்றுபோனது. பத்து மணி அடித்தால், "லைப்ரரிக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுவார்.

மூன்று மாதம் கழித்து, கோடை தொடங்கியதும் ஒருநாள் சாயங்காலம், இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி உள்ளே வந்தார். அவள் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கன்றிச் சிவந்திருந்தது.

"லைப்ரரிக்குள்ள வெயில் அடிக்குதா?"

"நம்ம பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "தினமும்தான் போறேன். இப்ப ஓட்டுறவன் பிரேக்க மிதிக்கிற மிதிய நீ பாக்கணும்..."

அவள் வெள்ளரிக்காயை எடுத்துத் துருவ உட்கார்ந்தாள். மூன்று மாதக் கதையும் கொட்டித் தீர்ந்தது. கடைசிப் பூச்சை அப்பிவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு வலது பக்கமா உக்காருங்க. அந்தக் கைக்குப் பழக்கம்."