மைக் அக்கா

எண்கள் நிலைகொள்வதற்குள் அவள் பேசத் தொடங்கிவிடுவாள். லாரியின் பின்சக்கரம் எடைமேடையில் ஏறியதும் இரும்புத் தகடு நகக்கண் அளவு அமுங்கும். ஒட்டியிருக்கும் சின்ன அறையில் அவளுடைய நாற்காலியும் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தில் பாதிக் கண் மூடியபடியே, "முட்டைக்கோஸ்தானே? ஈரத்தோட ஏத்திட்டீங்க" என்பாள் மைக்கில். திரையில் சிவப்பு எண்கள் மேலும் கீழும் அலைந்து அடங்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் அவளுடையது.

காய்கறிச் சந்தையின் வாசலில், விடிந்தும் விடியாத பனிமூட்டத்துக்குள் நாற்பது லாரிகள் வரிசைகட்டி நிற்கும். முன்விளக்குகள் மட்டும் மிதக்கும். ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. வானமே வண்டி எண்ணைப் படிப்பது போலிருக்கும். "அறுபத்து நாலு பதினொண்ணு, ஒரு முழம் முன்னாடி வாங்க. வீட்டுல சமாதானம் ஆயாச்சா இல்லையா? புருஷன் பொண்டாட்டி சண்டையில யாரு சரின்னு பாக்காதீங்க தம்பி. யாரு சாப்பிடலன்னு பாருங்க."

லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் மைக் அக்கா. சரக்கோடு உள்ளே போகும்போது ஒருமுறை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும்போது ஒருமுறை என்று எல்லோரும் இரண்டு தடவை மேடை ஏறியாக வேண்டும். போகும்போது அவள் கருத்துச் சொல்வாள். திரும்பும்போது அவர்கள் சன்னலுக்குக் கீழே நின்று பதில் கத்துவார்கள்.

விவசாயத்தில் அவள் கட்சி ஒன்றுதான்: "எல்லாரும் ஒரே மாசத்துல தக்காளி போட்டா யாரு திங்கிறது? பக்கத்து வயலை எட்டிப் பாத்துட்டு அப்புறம் நாத்து வாங்குங்க." அரசியலில் அதுவும் இல்லை. தேர்தல் சமயத்தில் ஒருவர் இந்தத் தடவை யாருக்கு அக்கா என்று கேட்டதற்கு, "இந்த மிஷின் இருபது கிலோவுக்குக் கீழ காட்டாதுங்க. அவங்க சொல்றதை எல்லாம் ஏத்திப் பாத்தேன், நம்பரே அசையல" என்றாள். வரிசை முழுக்க ஹாரன் அடித்துச் சிரித்தது. பிள்ளை வளர்ப்பில் மட்டும் குரல் தணியும். "பையன் பொய் சொல்றான்னா அடிக்காதீங்க. போன தடவை உண்மை சொன்னப்ப நீங்க என்ன பண்ணீங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

வீட்டில் அவளுக்கு மைக் கிடையாது. கணவர் கொல்லையில் அவரைக்காய் பயிரிடுகிறவர். எதற்கும் "ம்" என்பதோடு சரி. கொடிகளோடு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

போன மாதம் ஒரு காலையில் அந்த மகள் போன் செய்தாள். எடைச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கியவள், மைக்கை அணைக்க மறந்துபோனாள்.

"மாப்ளை மூணு வாரம் பேசலன்னா என்னம்மா? பேசாத ஆம்பளை உலகத்துலயே இல்லையா? உங்கப்பா என்கிட்ட என்னத்தைப் பேசினாரு? நான் இருக்கலையா? கொஞ்சம் பொறுத்துப் போ. கிளம்பி வர்றேன் அது இதுன்னு சொல்லாதே. நாலு பேரு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவள் அஞ்சிய அந்த நாலு பேரும் நாற்பது பேராகப் பனிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஹாரன் இல்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்களைக்கூட ஒவ்வொருவராக அணைத்தார்கள். அந்த நிசப்தத்தில்தான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று கை நீட்டி மைக்கை அணைத்தாள். பிறகு வெகுநேரம் வெறும் எண்களை மட்டும் படித்தாள். மேடை அமுங்கியது, நிமிர்ந்தது, அமுங்கியது. தான் எங்கோ தண்ணீரின் மேல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது அவளுக்கு.

வெறும் வண்டியோடு திரும்பிய உருளைக்கிழங்கு லாரிக்காரர் இறங்கி வந்து சன்னலோரம் நின்றார். அவளைவிடப் பத்து வயது பெரியவர். இருந்தாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"முன்ன நீங்க மைக்குல சொன்னதைக் கேட்டுத்தான் அக்கா என் பொண்ணை அவ புருஷன் வீட்டுலேர்ந்து போய்க் கூட்டிட்டு வந்தேன்."

அவள் நிமிரவில்லை. "அது உங்க வீட்டு விஷயம்ணே. அடுத்தவங்க வீட்டுக்குச் சொல்றப்ப வாய் வலிக்கலை எனக்கு."

"குத்திக்காட்ட வரல. நல்ல சேதி சொல்ல வந்தேன். வந்து ஒரு மாசம் அவ வாயே திறக்கல. நேத்துக் காலையில நான் பல்லு விளக்கினேன். சிங்கம் உறுமுதுன்னு கிண்டல் பண்ணிட்டா. என் பொண்டாட்டி அடுப்படியில நின்னு அழுதா, சந்தோஷத்துல."

சீட்டை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அடுத்த லாரி மேடையில் ஏறி நின்றது. அதை அப்படியே நிற்க விட்டுவிட்டு அவள் மகளுக்குப் போன் செய்தாள்.

"கிளம்பி வாம்மா."

மகள் திருப்பிக் கேட்டாள். "நாலு பேரு கேட்டா?"

"கேட்டாச்சு" என்றாள்.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் "ம்" என்றார். பிறகு எழுந்து போய், மகளின் அறையில் உலர வைத்திருந்த அவரை விதைகளை எல்லாம் வாரி எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

மூன்றாம் நாள் காலை, லாரிகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு ஒரே ஒரு பெட்டியோடு மகள் வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் முழுப் பயணமும் நின்றுகொண்டே வந்திருந்தாள். அம்மா நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தான் நின்றபடியே மூன்று வண்டிகளை எடை போட்டாள். வெங்காயம், பூசணி, மறுபடியும் வெங்காயம். ஒவ்வொன்றும் ஏறும்போது நாற்காலி மெல்ல ஆடியது. திரும்பிப் பார்த்தால், மகள் சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

வெளியே ஒரு லாரி காத்திருந்தது. மைக் அக்கா தரையில் மண்டியிட்டு, மகளின் வீங்கிய பாதங்களிலிருந்து செருப்பு வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.