அரை மணி நேரம்

திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில், அடிபட்டு வருகிறவர்களுக்கு ஊசி போடும் கம்பவுண்டர் அவர். கழுவிக் கழுவி வெளுத்துப்போன விரல்கள். யாராக இருந்தாலும் ஒரு சொட்டு மருந்தை மட்டும் முதலில் கையில் ஏற்றுவார். அரை மணி நேரம் பார்த்து, தடிப்பு வராவிட்டால்தான் முழு ஊசி.

மண்வெட்டி காலில் பட்ட என் தம்பிக்கும் அந்த ஒரு சொட்டைக் கையில் ஏற்றினார்.

"செத்த நேரம் பொறு அப்பு."

"வத்தலக்குண்டு பஸ்ஸு போயிரும்ணே. போட்டு விடுங்க" என்று நச்சரித்தேன்.

போட்டுவிட்டார். தம்பி அந்தப் பெஞ்சிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போனான்.

டாக்டர் கேட்டபோது, "நான்தான் அவசரப்பட்டுட்டேன்யா" என்றார். பக்கத்தில் நின்ற என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் என்று இன்றும் விளங்கவில்லை.

அம்மா சாகும்வரை அவரைத்தான் சபித்தாள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.