கயிறு அவிழ்க்காமல் வாங்கிய டி.வி.

1987-ல் செம்பாக்கத்தில் குடியிருந்தோம். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டி.வி. ஞாயிற்றுக்கிழமை அங்கே படம் பார்க்கப் போன என் இரண்டு பெண்களையும், "விருந்தாளி வந்திருக்காங்க, எழுந்து போங்க" என்று பாதிப் படத்தில் அனுப்பிவிட்டார்கள். சின்னவள் அழுதுகொண்டே வந்தாள். என் சீட்டுப் பணத்தில் டி.வி. வாங்குவது என்று அன்றே முடிவு செய்தேன்.

கடைக்குப் போகலாம் என்றேன். கணவரோ, மாற்றலாகிப் போகும் தன் மேலதிகாரி டி.வி.யை விற்கிறார், அதையே வாங்கலாம் என்றார். குரோம்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனால், டி.வி.யை அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். "ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாமே" என்றேன். இவர் அவசரமாக, "ஐயோ வேணாம் சார், உங்க பொருளைச் சோதிச்சா வாங்கணும்?" என்றார். என்னைப் பார்த்து ஒரு முறைப்பு வேறு. நானும் முகதாட்சண்யத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் போட்டால் சத்தம் மட்டும் வந்தது, படம் வரவில்லை. இவர் மொட்டைமாடிக்கு ஏறி ஆன்டெனாவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, "இப்ப தெரியுதா?" என்று கத்தினார். "இல்லப்பா" என்று பெண்களும் பதிலுக்குக் கத்தினார்கள். இப்படியே ஒரு மணி நேரம். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் இவர் இடத்தை விட்டு அசையவில்லை.

மறுநாள் நானே ஆட்டோவில் பெட்டியை ஏற்றினேன். "இன்னாக்கா, வூட்ல ஆம்பளை யாரும் இல்லியா?" என்றார் ஆட்டோக்காரர். இருந்த எரிச்சலில் அவருக்கும் இரண்டு வார்த்தை விழுந்தது.

பெட்டியைப் பார்த்து அதிகாரியின் மனைவி திகைத்துப்போனார். "பிக்சர் ட்யூப் போயிடுச்சுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொன்னோமேம்மா. ரிப்பேர் பண்ணிக்கறேன்னு அவர்தானே கேட்டு வாங்கினார்?"

அடப்பாவி மனுஷா! தெரிந்துகொண்டேதான் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பினாயா?

பணத்தைத் திருப்பி வாங்கிவந்து கணவரிடம் கேட்டேன். "போற நேரத்துல எனக்கு நல்ல ரிப்போர்ட் எழுதிட்டுப் போவாருன்னு..." என்று இழுத்தார். அவருடைய ரிப்போர்ட்டுக்கு என் குழந்தைகளா கிடைத்தார்கள்? ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அவர் மேல் இருந்த கோபம் எப்போதோ குறைந்துவிட்டது. என் பணத்தில் வாங்குகிற பொருளைப் பார்ப்பதற்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.