ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்தவர். மூன்று வருடத்துக்கு முன் அங்கே ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. உயிர் தப்பியது ஆண்டவர் செயல். ஆனால் மூளையில் பட்ட காயம் ஆறவில்லை. சில நாள் நான் அவருக்கு மனைவி. சில நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்து “மிஸ்” என்று கூப்பிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வலிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது வராமலிருக்கக் காலையும் மாலையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு குளிசை. ஒரு வேளையும் தவறக்கூடாது, இடித்துக் கொடுக்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அவரோ வாயைத் திறக்கமாட்டார். வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். பழத்தை விழுங்கிவிட்டுக் குளிசையைத் துப்பினார். கெஞ்சினேன். அழுதேன். ஒருநாள் தாடையைப் பிடித்து அழுத்தினேன், விரலைக் கடித்துவிட்டார்.

அன்றைக்குக் களைத்துப்போய், குளிசையை இரண்டு விரலால் பிடித்தபடி, “ஆண்டவரே, நீரே பாரும்” என்று கையைத் தூக்கினேன். அவர் எழும்பி நின்றார். கைகளைக் குவித்தார். நாக்கை நீட்டினார். வைத்தேன். “ஆமென்” என்று விழுங்கினார்.

வட்டமான வெள்ளைக் குளிசை. கோயில் பூசையில் ஃபாதர் நாக்கில் வைக்கிற அப்பம், நன்மை, என்று நினைத்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் பிறந்து, ஒரு ஞாயிறும் பூசை தவறாத மனிதர். என் பெயரை எடுத்துக்கொண்ட காயம் அதை மட்டும் விட்டுவைத்திருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இது பாவமா என்று எனக்குத் தெரியாது. ஃபாதர் சொல்கிற வார்த்தை எதையும் நான் சொல்லவில்லை. சும்மா தூக்கிப் பிடிப்பேன். பிறகு மாதா படத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்பேன்.

ஞாயிறுதான் சிக்கல். பூசை முடிந்து வந்து, பாணும் பருப்பும் சாப்பிட்ட பிறகு குளிசையைத் தூக்கினால் கோபம் வந்துவிடும்.

“ஒரு நாளைக்கு எத்தின தரம் வாங்கிறது? ரெண்டாந்தரம் வாங்கினா பாவம்!”

வீட்டில் வாங்கியதைச் சாயங்காலத்துக்குள் மறந்துபோகிறவர், கோயிலில் வாங்கியதை அன்று முழுக்க மறக்கமாட்டார். இரண்டு வேளைக் குளிசையும் போய்விடும். திங்கட்கிழமை காலையில் முகம் கழுவப் போன பைப்படியில் வலிப்பு.

கிளினிக்கில் டொக்டர் கேட்டார்: “குளிசை ஒழுங்காக் குடிக்கிறாரா?”

“ஓம் டொக்டர்.”

வெட்கத்தில் சொன்ன பொய். அவர் மருந்தின் அளவைக் கூட்டிவிட்டார். அதன்பிறகு என் கணவர் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி விழுந்தார். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகுமுன்பே குளிசையைக் கொடுத்தேன். பூசைக்கு முன் அவர் எதுவும் சாப்பிடமாட்டார். பரவாயில்லை, வயிற்றுக்குள் போனால் சரி என்று நினைத்தேன். நன்மை வரிசையில் எங்கள் முறை வந்தது. அவர் கையால் வாயை மூடிக்கொண்டு உரத்துச் சொன்னார்:

“வேண்டாம் ஃபாதர். வீட்டில மனுசி தந்திட்டா.”

பின்னால் ஒரு பெண் கேட்டது காதில் விழுந்தது: “அக்கா வீட்டிலயும் பூசை வைக்கிறாவோ?” சிரித்தார்கள். அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது. வெளியே வந்ததும் கோயில் வாசலில் வாந்தி எடுத்தார். வெறும் வயிற்றில் போட்ட குளிசையும் அதோடு போனது.

ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை.

“டொக்டரிட்ட உண்மையைச் சொன்னீங்களா அம்மா?”

“இல்ல ஃபாதர்.”

“முதல்ல அதைச் சொல்லுங்க. மருந்து தவறக்கூடாது. கொஞ்ச நாளைக்கு அவர் நன்மைக்கு வராம இருக்கட்டும். ஆண்டவர் கோவிக்கமாட்டார்.”

“அவர் கோவிக்கமாட்டார் ஃபாதர். இவருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

ஃபாதர் என் தலையில் கையை வைத்தார்.

டொக்டரிடம் சொன்னேன். அளவைப் பழையபடி குறைத்தார். “இனி ஞாயிறும் விடக்கூடாது” என்றார்.

இப்போது நாங்கள் பூசையில் கடைசி வாங்குப் பலகையில்தான் இருக்கிறோம். நன்மைக்குப் பாட்டுத் தொடங்கியதும் அவர் எழும்புவார். கையைப் பிடித்து இருத்துவேன். அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நானும் போவதில்லை. எல்லோரும் எங்களைத் தாண்டிப் போவார்கள்.

போன ஞாயிறு அவர் கையை உதறவில்லை. என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

“மிஸ், நான் என்ன பாவம் செய்தனான்?”

“ஒண்டுமில்லையப்பா.”

“அப்ப ஏன் என்னை விடுறீங்கள் இல்லை?”

அவர் முழந்தாளில் நின்று நெஞ்சில் மூன்று தரம் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பாண் சாப்பிட்ட பிறகு குளிசையைத் தூக்கிப் பிடித்தேன். அழுதுகொண்டே நாக்கை நீட்டினார். “ஆமென்” என்றார்.

திங்கட்கிழமை வலிப்பு வரவில்லை. வருகிற ஞாயிறும் அவர் கையை நான் பிடிக்க வேண்டும்.