விற்கலாமா என்று கனடாவைக் கேட்டோம்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் யார் யாருக்கோ வந்திறங்கிய சீமெந்து மூடைகளைப் பார்த்துவிட்டு, நான் பணக்காரனாகிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பியவன் நான். அந்தச் சீமெந்து எனக்கு வந்ததல்ல. என் வீட்டுக் குசினிக்கு அப்போதும் தகரக்கூரைதான். ஆனால் கொழும்பில் தொடர்மாடி கட்டி விற்கும் கொம்பனியொன்றில் எனக்குக் கொஞ்சப் பங்கு இருந்தது. சமாதான காலம் வந்து, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எங்கள் யாழ்ப்பாணத் தீவுகளில் இடிந்த வீடுகளைத் திருத்தத் தொடங்கியிருந்தார்கள். ஊரில் வீடு கட்டுகிறார்கள்; ஆகவே நாடெங்கும் கட்டுகிறார்கள்; ஆகவே என்னுடைய கொம்பனி ஏறும். இப்படி எழுதிய மாணவனுக்கு நான் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். உயர்தர வகுப்புக்கு வணிகக்கல்வி படிப்பிப்பது என் தொழில்.

பங்குகளை வாங்கியது போர் நடந்தபோது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறைக்குள் நாலு பேர் முடங்கிக் கிடந்தோம். நான், என் அக்காவின் கணவரான அத்தான், அத்தானின் தம்பி, வள்ளம் வைத்து மீன்பிடித்த ஊர்காவற்றுறைச் சம்மாட்டி ஒருவர். அத்தானுக்கு இறுப்பிட்டியில் காணிகள் உண்டு. வாழ்நாளின் பெரும்பகுதி ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதிக் கழித்தவர். தம்பி கனடாவுக்குப் போகக் காத்திருந்தார். சம்மாட்டியும் அப்படித்தான், சொந்த வள்ளத்தையும் எஞ்சினையும் விற்று ஏஜென்சிக்காரனிடம் கொடுத்தவர், பயணம் சரிவராமல் கடைசியில் பாதியை மட்டும் பிடுங்கியெடுத்துக்கொண்டு அறையில் வந்து குந்தியிருந்தார்.

லொட்ஜுக்குப் பக்கத்துக் காணியில் ஒரு தொடர்மாடி எழும்பிக்கொண்டிருந்தது. விடிந்தால் இடி, பொழுதுபட்டாலும் இடி. "இவ்வளவு சத்தம் போடுறவனிட்டைக் காசில்லாமல் இருக்காது" என்று சொன்னவன் நான்தான். அந்த ஒரே ஆய்வை நம்பி நால்வரும் காசு சேர்த்து, என்னுடைய பெயரில் கணக்குத் திறந்து, அந்தக் கொம்பனியின் பங்குகளை வாங்கினோம். சம்மாட்டி கையிலிருந்ததையெல்லாம் போட்டார். வாங்கிக் கொஞ்ச நாளில் சத்தம் நின்றுவிட்டது. முதலில், நல்ல நித்திரை வருகிறதென்று சந்தோஷப்பட்டோம். பிறகுதான் பத்திரிகையில் விலையைப் பார்த்தோம்.

அது பழைய கதை. சமாதானம் வந்ததும் கொம்பனி மெல்ல எழும்பியது. தம்பி அதற்கு முன்பே கனடா போய்ச் சேர்ந்திருந்தார். மற்ற மூவரும் ஊர் திரும்பியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்மாட்டி பூசை முடித்து வர, அத்தான் இறுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வர, சம்மாட்டியின் முற்றத்தில் எங்கள் பங்குச் சந்தை கூடும். முற்றத்தில் பாதிக்கு மேல் மீன் காயும். மீதியில் வலை கிடக்கும். அத்தானுக்கு மட்டும் உள்ளேயிருந்து கதிரை வரும். சம்மாட்டியின் மனைவி தடியோடு நின்று காகம் கலைப்பார். எங்களையும் சேர்த்துக் கலைக்க விருப்பமிருந்ததென்று நினைக்கிறேன்.

"இண்டைக்கு என்ன விலை, மாஸ்ரர்?" என்று சம்மாட்டி தொடங்குவார்.

"வியாழக்கிழமை ஏறித்தான் நிண்டிருக்கு."

"நான் இண்டைக்குக் கேட்டனான்."

"பேப்பர் பஸ்ஸிலைதானே வருகுது."

"அப்ப அது பழைய மீனின்ரை விலை."

அவருக்கு விற்க வேண்டியிருந்தது. கடலில் கட்டுப்பாடுகள் தளர்ந்து, கூடிய வலுவுள்ள எஞ்சின்களோடு மற்றவர்கள் தூரத்துக்குப் போய் வந்தார்கள். இவர் இரவல் வள்ளத்தில், இருமி இருமி ஓடுகிற பழைய எஞ்சினோடு கரையோரம் சுற்றினார். அவர் வாங்க நினைத்த புது எஞ்சின் அந்தப் பங்குகளுக்குள்தான் இருந்தது. நாங்கள் கொடுத்த விலையைப் பங்கு தாண்டிய வாரம் அவர் எழும்பி நின்று பேசினார்.

"கரையிலை வாங்கிற ஆக்கள் நிக்கேக்கை குடுத்துப்போட வேணும் மாஸ்ரர். வெயில் ஏறினால் ஆக்களும் போயிடுவினம்."

"இது மீனில்லை, சம்மாட்டி. கொம்பனியின்ரை காணிப் பெறுமதியைப் பாத்தால் விலை இன்னும் ஏறவேணும்."

"ஏறவேணும் எண்டு ஆர் சொன்னது?"

"புத்தகத்திலை கிடக்கு."

"புத்தகம் எழுதினவர் வித்துட்டாரோ?"

சரி, வியாழக்கிழமை சந்தியில் ரெலிபோன் எடுக்கும் கொமினிக்கேசன் கடையிலிருந்து தரகருக்கு அடித்து விற்கச் சொல்கிறேன் என்றேன். சம்மாட்டியின் மனைவி தடியைக் கீழே வைத்தார். அப்போதுதான் அத்தான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"தம்பிக்குச் சொன்னனீரோ?"

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ச் சட்டப்படி, கூட்டுக்காணியில் ஒருவர் தன் பகுதியை விற்பதென்றால் முதலில் கூட்டுச் சொந்தக்காரருக்கு அறிவிக்கவேண்டும். அவர் வேண்டாமென்றால்தான் வெளியாளுக்குக் கொடுக்கலாம். ஒரு பனை நிற்கிற துண்டுக்காக இதை வைத்து வழக்காடிக் கோடு ஏறிய சகோதரர்களுக்கெல்லாம் அத்தான் அறிவித்தல் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"அத்தான், அது காணிக்கு. பங்குக்கு அப்பிடி ஒண்டுமில்லை."

"உம்முடைய பேரிலை கிடக்கிறதாலை உம்முடையது எண்டு ஆகுமோ? நாளைக்கு அவன் ஒரு கதை கேட்டால் ஆர் பதில் சொல்லுறது?"

நான் இன்னும் இரண்டு வார்த்தை வாதாடியிருக்கலாம். ஆனால் எனக்கும் விற்க மனமில்லை. விலை இன்னும் ஏறுமென்று உள்ளுக்குள் ஆசை. அதைச் சட்டத்தின் பெயரால் வைத்துக்கொள்ள வழி கிடைத்தது. ஆச்சரியம் என்னவென்றால், எஞ்சினுக்காகத் துடித்துக்கொண்டிருந்த சம்மாட்டியும் தலையாட்டினார். "அது முறைதான். கேட்காமல் செய்யிறது சரியில்லை." அவருடைய மனைவி தடியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கொமினிக்கேசனில் தரகருக்குப் பதிலாகக் கனடாவுக்கு அடித்தோம்.

"அண்ணை, ஏன் வெளியாளுக்குக் குடுக்கிறியள்?" என்றார் தம்பி. "நான் எடுக்கிறன். அங்காலை எங்களுக்கெண்டு மிஞ்சிக் கிடக்கிறது அதுதானே."

வெள்ளவத்தையில் கட்டி முடியாமல் நிற்கும் ஒரு கட்டடத்தைப் பற்றி இப்படி உருகலாமென்று எனக்கு அதுவரை தெரியாது. அத்தான் கண்ணைத் துடைத்தார். சம்மாட்டியும், காசு எங்கேயிருந்து வந்தாலென்ன என்று ஆறுதலடைந்தார். காசு மட்டும் வரவில்லை. முதலில் சம்பளம் வரட்டும் என்றார் தம்பி. பிறகு வரி திரும்பி வரட்டும் என்றார். பிறகு அங்கே பனி கொட்டி வேலைக்குப் போக ஏலாது என்றார். வாங்கமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் சொல்லாதவரை விற்க முடியாதென்பதில் அத்தான் அசையவில்லை.

அந்த மாதங்களில் எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வகுப்பில் பொருளின் தேவையைக் காட்டும் கேள்வி வளைகோட்டைக் கீறிவிட்டு அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று வெண்கட்டியோடு நிற்பேன். பத்திரிகை கொண்டுவரும் பஸ்ஸுக்காகப் பள்ளிக்கூடம் விட்டதும் சந்திக்கு ஓடுவேன். பஸ் வந்தால் விரித்துப் பார்க்கப் பயத்தில், மடித்தபடியே இறங்குதுறை வரை நடப்பேன். ஒரு வள்ளம் சீமெந்து இறக்கினால் மனம் ஏறும், இறக்காவிட்டால் இறங்கும். அது தேர்தல் வந்த வருடம். சமாதானம் முறியப்போகிறதென்று பஸ்ஸிலும் கதை, சந்தையிலும் கதை. கொழும்பு அந்தக் கதையை எங்களுக்கு முன்னாலேயே கேட்டிருக்கவேண்டும். விலை ஒரு நாள் நின்றது, பிறகு வழுக்கியது, பிறகு விழுந்தது. இறங்குதுறையில் சீமெந்து மட்டும் வழமைபோல வந்துகொண்டிருந்தது.

சம்மாட்டி விலை கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் என்னைத் தின்றது. விடியப்புறம் மற்றவர்களுடைய எஞ்சின்கள் அவரைக் கடந்து தூரப்போகும். கடைசியாக அந்த இருமல் சத்தம் மட்டும் கரையோரமாகக் கேட்கும். என் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தபடி அது இவருடையதென்று சொல்வேன். ஒரு பங்குச் சந்தை நிபுணனுக்கு எனக்கிருந்த தகுதி அவ்வளவுதான்.

கடைசியில் தம்பியே கனடாவிலிருந்து ரெலிபோன் எடுத்தார். "அண்ணை, உந்தக் கொம்பனியைப் பற்றி இன்ரநெற்றிலை பாத்தனான். கழுத்துமட்டும் கடனாம். எனக்கு வேண்டாம். நீங்களும் கெதியா வித்துத் துலையுங்கோ."

"அப்ப முறைப்படி மறுத்துட்டான்" என்றார் அத்தான், திருப்தியோடு.

அன்றே விற்றேன். போட்டதைவிடக் குறைவாகத்தான் வந்தது. சம்மாட்டியின் பகுதிக்குப் புது எஞ்சினின் மூடிதான் வாங்கலாம். என்னுடையதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் மறுத்தார். அவருடைய மனைவி மறுக்கவில்லை.

அந்தக் காசுக்குக் கொழும்பில் பாவித்த எஞ்சின் ஒன்று இருக்கிறதென்று யாரோ சொல்ல, சம்மாட்டி, அவருடைய மனைவி, நான் என்று மூவரும் போனோம். காசு என் பெயரில் இருந்ததால் தரகரிடம் நான் கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது. எஞ்சின் பழையதுதான், ஆனால் இருமவில்லை. சம்மாட்டி அதைச் சாக்கில் சுற்றி, பிள்ளைபோல லொறியில் ஏற்றிவிட்டு, லொறிக்காரனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு நின்றார். அந்த இடைவெளியில் நான் அவருடைய மனைவியைப் பழைய லொட்ஜ் இருந்த ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்துத் தொடர்மாடியைக் கட்டி முடித்துவிட்டிருந்தார்கள். பல்கணிகளில் சீலைகள் தொங்கின.

"இதுதானோ?"

"ஓம் அக்கா. இதிலை எங்களுக்கும் ஒரு காலம் பங்கு இருந்தது" என்றேன், குரலில் கொஞ்சம் கனம் வைத்து.

அவர் மேல்மாடி வரை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாசலிலிருந்து மதில் வரை கண்ணால் அளந்தார்.

"நல்ல காலம் வித்தியள், மாஸ்ரர். இவ்வளவு உயரத்துக்குக் கட்டியும், மீன் காயப்போட ஒரு முற்றம் விடேல்லை."