ஏஜெண்டைப் பற்றித் தினம் ஒரு பக்கம்

ஐம்பதுகளில் நான் பொன்னேரியில் இருந்தேன். ஒரு சென்னை நாளிதழுக்குத் தாலுகா நிருபர். நடப்பதை எழுதிக் கவரில் போட்டு, காலையில் சென்னைக்குப் போகும் பாசஞ்சர் வண்டியில் கார்டிடம் கொடுத்து அனுப்புவது என் வேலை. ஏரிக்கரை உடைந்தது, பழவேற்காட்டில் படகு கவிழ்ந்தது, தாசில்தாருக்கு மாற்றல் வந்தது. இதையெல்லாம் எழுத எனக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை. கஷ்டமெல்லாம் எனக்காக எழுதுவதில்தான்.

தினம் காலையில் ஒரு பக்கம் எழுத வேண்டும், அதை எந்த ஆபீசுக்கும் அனுப்பக் கூடாது என்று ஆசைப்பட்டேன். பொங்கலுக்கு ஆரம்பித்தால் மாசி மாதத்திலேயே நின்றுவிடும். வருஷப் பிறப்புக்கு மறுபடி ஆரம்பித்தால் கத்திரி வெயிலில் நிற்கும். சரஸ்வதி பூஜைக்குப் பேனாவைச் சாமி முன்னால் வைத்தால், எடுக்க ஞாபகம் வருவதற்குள் தீபாவளி வந்துவிடும். இன்னொரு தொல்லையும் இருந்தது. என் மனசில் உள்ளதை எழுத உட்கார்ந்தாலும் கை செய்தியாகத்தான் எழுதும். "பொன்னேரி நிருபருக்கு நேற்று மாலை திடீரென மனக்கவலை ஏற்பட்டது" என்று ஒருமுறை எழுதிவிட்டு, அதைப் படித்து, நானே கிழித்துப் போட்டேன்.

வீட்டில் எழுத இடமில்லை. ஒரே அறை, அதில் மனைவி, குழந்தைகள், என் மாமியார், மாமியாரின் இருமல். அதனால் விடிந்ததும் ஸ்டேஷனை ஒட்டிய பேப்பர் ஏஜெண்டின் கடைக்குப் போய்விடுவேன். சென்னையிலிருந்து வரும் பேப்பர்க் கட்டை அவர் அங்கேதான் பிரிப்பார். வாசலில் ஒரு பெஞ்சு, பக்கத்தில் டீக்கடை. ஆபீஸில் எனக்குத் தரும் துண்டுக் காகிதங்களில் முதலில் ஊர்ச் செய்தி, பிறகு என் பக்கம்.

ஏஜெண்ட் என்னைவிட வயதில் பெரியவர். உரத்த குரல். கழக மேடை, காங்கிரஸ் மேடை, கோயில் கமிட்டி எல்லாவற்றிலும் முன்வரிசையில் இருப்பார். அவர் செய்ததற்கு 'அவன்' என்று எழுதத்தான் கை வருகிறது. பத்திரிகை வழக்கத்தை மதித்து 'அவர்' என்றே எழுதுகிறேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் என் பக்கம் ஓரளவு தொடர்ச்சியாக வந்துகொண்டிருந்தது. நடையிலிருந்த செய்தி வாடையும் குறைந்திருந்தது. ஒருநாள் என் மனைவியைப் பற்றி எழுதினேன். அரிசியில் கல் பொறுக்கும்போது அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள். எதற்கென்று கேட்டால் நின்றுவிடும் என்று நான் கேட்பதில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது. கவரை மட்டும் எடுத்துக்கொண்டு கார்டைத் தேடி ஓடினேன். பக்கம் பெஞ்சில் இருந்தது.

திரும்பி வரும்போது ஏஜெண்ட் பெஞ்சின்மேல் ஒரு காலை வைத்து நின்று, அதைப் படித்துக்கொண்டிருந்தார். மேடையில் தீர்மானம் வாசிக்கும் குரல். பேப்பர் வாங்க வந்தவர்கள், டீ குடிப்பவர்கள், வண்டிக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வா நைனா வா. பொஞ்சாதி சிரிச்சா நீ மெட்ராஸுக்குத் தந்தி குடுப்பியா?"

"தலைப்புச் செய்தியா போடச் சொல்லுண்ணே" என்றார் டீக்கடைக்காரர்.

"அரிசியில கல்லு கீதுன்னு எய்தினாலும் ரேஷன் ஆபீசராவது வருவான். இவரு சிரிப்பு கீதுன்னு எய்திக்கினு கீறாரு!"

நான் கையை நீட்டினேன். அவர் காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, கடைசி வரியை இன்னொரு தடவை வாசித்துவிட்டுத்தான் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அது தொழில் பழக்கம்.

மாலைக்குள் அது குழாயடிக்குப் போய்விட்டது. என் மனைவி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் கல்லு பொறுக்கறத ஊருக்கே படிச்சிக் காட்னீங்களாமே?"

"நான் படிக்கல. ஏஜெண்ட் படிச்சாரு."

"எய்தினது யாரு?"

அன்றிலிருந்து அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கல் பொறுக்கினாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும்.

என் பக்கமும் நின்றது. பேனாவைத் திறந்தால் அந்த மேடைக் குரல் காதில் விழும். ஒரு வார்த்தை எழுதியதும் அதை அவர் எப்படி வாசிப்பார் என்று தோன்றும். மழைக்காலம் போய்ப் பனிக்காலமும் போயிற்று.

என் கையில் இருந்த ஆயுதம் ஒன்றுதான். எந்த விழாச் செய்தியானாலும் முடிவில், 'வந்திருந்தவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள்' என்று சில பெயர்கள் வரும். அந்தப் பெயர்களுக்காகவே ஊரில் பலர் பேப்பர் வாங்குவார்கள். நூலகத் திறப்பு விழாவில் ஏஜெண்ட்தான் மாலை வாங்கி வந்தவர், நாற்காலி ஏற்பாடு செய்தவர், நன்றி சொன்னவர். பெயர்களை எழுதினேன். அவர் பெயரை விட்டுவிட்டேன். நாற்காலி வாடகைக்கு விட்டவரின் பெயரைச் சேர்த்தேன்.

மறுநாள் பிளாட்பாரத்திலேயே நின்றேன். கட்டு இறங்கியது. வழக்கமாகக் கடையில்தான் கயிற்றை அறுப்பார். அன்று அங்கேயே அறுத்தார். உட்பக்கத்தைப் பிரித்தார். விரல் பெயர்களின்மேல் மெதுவாகப் போயிற்று. கடைசிவரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தது.

"இன்னா நைனா, என் பேரு?"

"எடம் பத்தலன்னு ஆபீஸ்ல வெட்டிட்டாங்கண்ணே."

"நாற்காலிக்காரன் பேரு கீதே!"

"அதான் எனக்கும் புரியலண்ணே."

தன் பெயர் இல்லாத அந்தப் பேப்பரை அன்று முழுவதும் அவரே கூவி விற்றார். எனக்கு டீ இனித்தது. ஆனால் அடுத்த நாளே அந்த இனிப்பு போய்விட்டது. கூட்டத்தின் முன்னால் வாசிக்கப்பட்டதற்கு ஒரு பெயரை விடுவது போதாது. அவரை முழுசாக எழுத வேண்டும். ஒன்றும் விடாமல், ஒன்றும் கூட்டாமல், ஒருநாள் அவர் முன்னாலேயே உரக்க வாசிக்க வேண்டும். அன்று காலை அதே பெஞ்சில் உட்கார்ந்து அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அடுத்த நாள் இன்னொன்று.

அது நிற்கவில்லை. ஆடி, ஆவணி, சரஸ்வதி பூஜை எதுவும் அதை நிறுத்தவில்லை. பூஜையன்று பேனாவைச் சாமியிடம் கொடுத்துவிட்டுப் பென்சிலால் எழுதினேன். நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததெல்லாம் மாசிக்கே செத்துப்போயிருந்தது. கெட்ட எண்ணம் வருஷக்கணக்காக உயிரோடு இருந்தது.

பேப்பரை மடிப்புக் கலையாமல் தான் படித்து முடித்துவிட்டுப் புதிதுபோல விற்பார், எழுதினேன். பழவேற்காட்டிலிருந்து மரைக்காயர் வீட்டுப் பெரியவர் வந்தால் முழுசாக எழுந்து நிற்பார், பள்ளிக்கூட வாத்தியார் வந்தால் இடுப்பை மட்டும் கொஞ்சம் தூக்குவார், சேரியிலிருந்து எவராவது வந்தால் கல்லாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசுவார், எழுதினேன். தன் வேடிக்கைப் பேச்சுக்குத் தானே முதலில் சிரித்து, யார் சிரிக்கவில்லை என்று ஓரக்கண்ணால் தேடுவார், எழுதினேன். நல்லது எதுவும் அவரிடம் இருந்ததா என்று நான் தேடவில்லை. ஒருநாள் கொட்டும் மழையில், வண்டியிலிருந்து இறங்கிய கண் தெரியாத கிழவர் ஒருவரைத் தன் குடையில் கூட்டிக்கொண்டு போனார். அன்று என் பக்கம் பாதியில் நின்றது. அதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது.

பக்கங்கள் சேரச் சேர எழுத்து நேராயிற்று. மழையையும் ஸ்டேஷன் வேப்பமரத்தையும்கூட எழுத வந்தது. ஆனால் எல்லாம் அவரைச் சுற்றித்தான். மரம் என்றால் அவர் சாய்ந்து நின்ற மரம்.

அப்புறம் அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் அச்சடிப்பார்கள். வழவழப்பான தாளில், சுற்றிலும் பூ வேலைப்பாட்டோடு அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, தாலி கட்டி முடிந்ததும் கூட்டத்தின் முன்னால் உரக்க வாசித்துக் கொடுப்பார்கள். பெண்ணின் தகப்பனாரைப் புகழ்வதற்கென்றே அதில் ஒரு பத்தி இருக்கும்.

"நைனா, நீதான் எய்தணும். நீதான் படிக்கணும். பத்திரிகைக்காரன் படிச்சா அது தனி" என்றார்.

கூட்டத்தையும் உரத்த குரலையும் அவராகவே என் கையில் கொடுத்தார். அன்று என் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மடல் எழுதினேன். எல்லாம் அவர்தான். மடிப்புக் கலையாத பேப்பர், பாதி எழும் இடுப்பு, ஓரக்கண். ஒவ்வொரு வரியையும் வாழ்த்துப் போலவே அமைத்தேன். வாசித்தால் பந்தலே சிரிக்கும். எந்த வரிக்கு டீக்கடைக்காரர் முதலில் சிரிப்பார் என்றுகூட எனக்குத் தெரிந்தது.

எழுதி முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. வாசித்த மறுநாள் காலையில் எதை எழுதுவேன்? கணக்குத் தீர்ந்துவிடும். பெஞ்சில் நானும் வெள்ளைக் காகிதமும் மட்டும் மிஞ்சுவோம். கறக்கிற மாட்டை யாரும் அறுப்பதில்லை. அந்த மடலை மடித்து வைத்துவிட்டு, 'கொடைக்குணமும் குன்றாத பண்பும் கொண்ட கோமான்' என்று எல்லாரும் எழுதுவதுபோல ஒன்றை எழுதி அச்சாபீஸுக்குக் கொடுத்தேன். அவரை மன்னித்து அல்ல. இன்னும் பல வருஷத்துக்கு அவர் எனக்கு வேண்டியிருந்தார்.

கல்யாணத்தில் அதை வாசித்தேன். கோமான் என்ற இடத்தில் கைதட்டல் எழுந்தது. ஏஜெண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எழுந்து வந்து, பெண், மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாரும் பார்க்க என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நைனா, அன்னிக்கு நீ வுட்டுட்டுப் போன காயிதத்த படிச்சி நான் சிரிச்சேன். தப்பு. ரொம்ப நாளா சொல்லணும்னு கீறேன். மனசுல வெச்சிக்காத. உன் வூட்டம்மாவாண்டயும் சொல்லு."

பந்தலில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். வேறு எதைச் சொல்ல முடியும்? மறுபடி கைதட்டல் எழுந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கல்யாணப் புடவையை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவரே வாய வுட்டுச் சொல்லிட்டாரு இல்ல?"

"சொல்லிட்டாரு."

"எனக்கு அது எப்பவோ பூட்ச்சி. உங்களுக்கு வோணும்னா நீங்க வெச்சிக்கோங்க."

மறுநாள் விடிந்ததும் பெஞ்சுக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது, கல்யாண வீட்டுக்காரர் வரவில்லை. காகிதத்தைப் பெஞ்சில் விரித்து வைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்ட ஒருவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? என்னிடம் மிச்சமிருந்த ஒன்றையும் அவர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு, நடந்ததை வரிசையாக யோசித்தேன். சிரித்தது ஒரு டீக்கடையின் முன்னால். மன்னிப்புக் கேட்டது ஊர் கூடிய பந்தலில். கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த காலைகள் எத்தனையோ உண்டு, அப்போதெல்லாம் கேட்கவில்லை. நான் மறுக்க முடியாத இடமாகப் பார்த்து, தன் மகள் கல்யாணத்தில், தன் பெருந்தன்மைக்கு என்னைச் சாட்சியாக நிறுத்திக் கேட்டார். அதற்கும் கைதட்டல் வாங்கினார்.

பேனாவைத் திறந்தேன். அன்று எழுதியது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.