பேஸ்மென்ட் சுவருக்குள் என் கைவேலை

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டைக் கட்டினவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வடசேரியில் மூன்று கடைகள், கோட்டாற்றில் ஒரு அரிசி மண்டி, ஒரு கல்யாண மண்டபம், கணக்கில்லாத வீடுகள், எல்லாவற்றுக்கும் வயர் இழுத்து வெளிச்சம் கொடுத்தது இந்தக் கை. மஸ்கட்டில் பதினெட்டு வருஷம். எஞ்சினியர்மார் படத்தை விரித்து வைத்துக்கொண்டு முழித்த இடத்தில், லைன் எங்கே தப்பிப் போகிறது என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தங்கச்சிமாரைக் கரையேற்றினேன், மகளை எஞ்சினியருக்குப் படிக்க வைத்தேன். ஒருத்தனும் கைதூக்கி விடவில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். ஆனால் நான் கடைசியாகச் செய்த வேலையில் என் பெயர் இல்லை. அது கனடாவில், தரைக்கு ஏழடி கீழே, ஒரு சுவருக்குள் இருக்கிறது.

இங்கே வீட்டுச் சுவரைத் தட்டினால் டொம் என்று கேட்கும். இரண்டாயிரத்து ஒன்பதில் மகள் ஷைனி வீட்டுக்கு வந்த புதிதில், காலையில் எழுந்ததும் சுவரைத் தட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அன்றும் டொம், மறுநாளும் டொம். நம்மூரில் சுவரென்றால் செங்கல். வெட்டி, பைப் பதித்து, வயர் இழுத்து, கொத்தனார் பூசிவிட்டால் முடிந்தது, உள்ளே என்ன இருக்கிறதென்று ஆயுசுக்கும் யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே மரச்சட்டங்களை வரிசையாக நிறுத்தி, மேலே ஜிப்சம் பலகையைத் திருகி, அதைச் சுவர் என்கிறார்கள். சட்டங்களின் நடுவில் துளை போட்டு அதன் வழியாக வயரைக் கொண்டுபோக வேண்டும். துளை ஓரமாகப் போய்விட்டால் முன்னால் ஒரு இரும்புத் தகடு அடிக்க வேண்டும், பலகைத் திருகு உள்ளே இறங்கி வயரைக் குத்திவிடாமல் இருக்க. இவ்வளவும் செய்துவிட்டு மூடக்கூடாது. மின்சாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்வரை சுவர் எலும்பும் நரம்புமாகத் திறந்தே கிடக்கும்.

அந்த வீட்டில் மேலே இரண்டே படுக்கையறை. ஒன்று மகளுக்கும் மருமகன் எட்வினுக்கும், இன்னொன்று பேரப்பிள்ளைகளுக்கு. நான் ஹாலில் சோபாவில் படுத்தேன். என் மனைவி சொர்ணபாய் ஊரில் தனியாக இருந்தாள். மஸ்கட்டில் இருந்த காலம் முழுக்க நாங்கள் வருஷத்துக்கு ஒரு மாதம் புருஷன் பெண்டாட்டி. வயசான பிறகும் அதே கதைதானா என்று அவள் போனில் கேட்டாள். தரைக்குக் கீழே சும்மா கிடந்த பேஸ்மென்டில் ஒரு அறை போட்டால் பனி தொடங்கும் முன் அவளை அழைத்துவிடலாம் என்று எட்வின்தான் சொன்னான். ஆனால் இந்த நாட்டில் வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ளவன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரன் தானே அனுமதி வாங்கித் தன் கையால் செய்ய வேண்டும். எட்வின் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். மார்த்தாண்டத்தில் அவன் வீட்டில் பல்பு மாற்றுவதற்கும் ஆள் கூப்பிடுவார்கள். அதனால் அனுமதி அவன் பெயரில், கை என்னுடையது என்று முடிவானது. வெளியே தெரிந்தால் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்வார்கள், அவள் வருவதும் தள்ளிப்போகும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

ஆறு வாரம் ஆயிற்று. கான்கிரீட் வியர்க்கும் என்பதால் மரச்சட்டத்தைச் சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி நிறுத்தினேன். வயரைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்த யு வடிவத்தில் ஒரு ஆணி, ஸ்டேபிள் என்பார்கள். சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, பிறகு ஒரு ஆள் கையை நீட்டும் தூரத்துக்கு ஒன்று போதும் என்று புத்தகத்தில் இருப்பதாக எட்வின் வாசித்துச் சொன்னான். நான் சாணுக்கு ஒன்று அடித்தேன். நான் தொழில் படிக்கும்போது சுவரில் தேக்கு ரீப்பர்ப் பட்டை அறைந்து, அதில் தகரக் கிளிப்பு அடித்து வயர் இழுக்கும் காலம். வயரை விரலால் சுண்டினால் அசையக்கூடாது. தொங்குகிற வயர் கோட்டாற்றில் எலக்ட்ரீசியனுக்கு மானக்கேடு. அந்த மானத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே அடித்தேன். வேலை முடிந்து பார்த்தபோது சுவர் முழுக்க வயர் கோடு கிழித்த மாதிரி நின்றது. கனடாவில் இப்படி ஒரு வேலையை ஒருத்தனும் பார்த்திருக்க மாட்டான் என்று சொல்லிக்கொண்டேன். அதில் ஒரு உண்மை இருந்தது.

பரிசோதகர் வரும் நாள் காலையில் ஷைனி என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு என் வாய் தெரியும்.

"அப்பா, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசண்டாம். அம்மைய நினைச்சுக்கிடுங்க."

ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தேன். காப்பிக் கோப்பையை என் கையில் திணித்தது அவள் யோசனை. வந்தவர் உயரமான வெள்ளைக்காரர், கையில் டார்ச்சு, மூக்கில் கண்ணாடி. என்னைப் பார்த்து, நீங்களும் உதவி செய்தீர்களா என்று கேட்டார். நான் பதறிப்போய் "நோ ஹெல்ப், நோ ஹெல்ப்" என்று இரண்டு கையையும் ஆட்டினதில் காப்பி காலில் கொட்டியது. அவர் சிரித்துவிட்டு எட்வினிடம் ஏதோ சொன்னார், அவனும் சிரிக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை பார்க்கிற முதலாளி ஒருத்தர் எல்லா வீட்டிலும் உண்டு என்று சொன்னாராம். ஆறு வாரம் முட்டி தேய வேலை செய்தவன், சும்மா உட்கார்ந்து தின்கிறவனாகப் பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தகடுகளைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கட்டில் தலைமாடு வரப்போகிற சுவருக்கு வந்ததும் நின்றார். ஒரு வயரை இரண்டு விரலால் பிடித்து நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. அடுத்ததையும் பார்த்தார். அதுவும் நகரவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், எப்படி நகரும், அடித்தது யார். அவர் முகம் மாறியது. எதற்கு இத்தனை ஆணி, எதற்கு இவ்வளவு இறுக்கம் என்று எட்வினிடம் கேட்டார். கீழே விழாமல் இருக்க என்றான் அவன். அவர் சட்டைப்பையிலிருந்து பிளேயரை எடுத்து ஒரு ஸ்டேபிளைப் பிடுங்கினார். வயரின் வெள்ளைத் தோலில் பள்ளம். இன்னொன்றைப் பிடுங்கினார். தோல் பிளந்து உள்ளே கறுப்பு வயர் தெரிந்தது.

வாளியில் இருந்தபடியே அதைப் பார்த்தேன். செங்கல் சுவருக்குள் பைப்பில் கிடக்கிற வயரில்லை இது. சுற்றிலும் காய்ந்த மரம். உள்ளே சூடு பிடித்தால் வீடே விறகுதான். அந்த இடத்தில்தான் சொர்ணபாய் தலைவைத்துப் படுக்க வேண்டும்.

இதைச் செய்தது யார் என்று அவர் கேட்டார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும். என் கால்கள் தானாக எழுந்துவிட்டன. எட்வின் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றான்.

பிறகு அவன் வாங்கினதை நான் எழுத விரும்பவில்லை. வேலை தெரியாதவன் வேலையில் கைவைத்தால் பிள்ளைகள் சாவார்கள் என்ற அளவுக்குப் போயிற்று. நான் நின்றபடி காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வேலைக்கு இன்னொருத்தன் ஏச்சு வாங்க என் ஆயுசில் விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். அவர் போன பிறகு எட்வினிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், ஆணி கொஞ்சம் மட்டமான ஆணி என்றேன்.

"விடுங்க மாமா. ஏச்சு எனக்குத்தானே. அத்தைய எப்படியும் கூட்டிட்டு வரணும்லா."

அவ்வளவுதான் சொன்னான். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சரிசெய்யப் பத்து நாள் தவணை கொடுத்திருந்தார். ஒவ்வொரு ஸ்டேபிளாகப் பிடுங்கினேன், நான் உட்கார்ந்திருந்த அதே வாளி நிறைந்தது. பள்ளம் விழுந்த வயரை ஒட்டுப்போட்டு ஏமாற்றவில்லை, பெட்டியிலிருந்து பெட்டிவரை புதிதாக இழுத்தேன். கஷ்டம் எங்கே என்றால் என் கையில். இந்தக் கை நாற்பது வருஷம் சுத்தியலைக் கடைசி ஒரு போடு சேர்த்துப் போட்டுப் பழகியது. அந்தக் கடைசிப் போட்டை நிறுத்த வேண்டும். வயர் தங்கவும் வேண்டும், இரண்டு விரலால் தள்ளினால் நகரவும் வேண்டும். ஒவ்வொரு ஆணியிலும் வலது கையை இடது கையால் பிடித்து நிறுத்தினேன் என்றால் நம்ப மாட்டீர்கள். படித்தவனுக்குப் புத்தகத்தை மாற்றினால் போதும். எனக்கு உடம்பை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன்.

இரண்டாம் தடவை அவர் வந்தபோது நான் அதே வாளி, அதே காப்பி. வயரை விரலால் நகர்த்தினார், விட்டார், அடுத்ததற்குப் போனார். கடைசிச் சட்டம்வரை ஒன்றையும் விடவில்லை. முடிவில் எட்வினின் கையைப் பிடித்துக் குலுக்கி, அழகான வேலை என்றார். எட்வின் தேங்க்யூ என்றான். என்னைப் பார்த்தும் ஒரு கை ஆட்டிவிட்டுப் போனார், முதலாளிக்கு.

சொர்ணபாய் பனிக்கு இரண்டு வாரம் முன்னால் வந்து சேர்ந்தாள். அறையை ஜெபித்துத் திறந்த அன்று போதகர், தம்பி எட்வினின் கைகளின் பிரயாசத்துக்காகத் தோத்திரம் சொன்னார். நானும் ஆமென் சொன்னேன். முதலில் பயத்துக்காகச் சொன்ன பேச்சு, பிறகு பழக்கமாகிவிட்டது. இப்போது எட்வின் வருகிறவர்கள் எல்லாரிடமும் "வயரிங் எல்லாம் நானே" என்கிறான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பும் அவனுக்கு இல்லை.

இந்த நாட்டில் சுவிட்சை மேலே தள்ளினால் விளக்கு எரியும், நம்மூரில் கீழே அழுத்த வேண்டும். சொர்ணபாய் அறைக்குள் வந்ததும் கீழேதான் அழுத்துவாள், இருட்டிலேயே நிற்பாள். பரிசோதகர் இனி வரமாட்டார் என்று ஆன பிறகு கட்டில் பக்கத்துச் சுவிட்சை மட்டும் கழற்றித் தலைகீழாக மாட்டினேன். வீடு முழுக்க மேலே, அந்த ஒரு இடத்தில் கீழே. மற்ற சுவிட்சுகளில் அவள் கை தடுமாறும், அதில் தடுமாறாது. எனக்கு இப்போது இரண்டு பக்கமும் தடுமாறுகிறது.

எட்வின், நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். மெயின் லைன் வந்து பிரிகிற பேனல் பெட்டிக் கதவின் உள்பக்கம், எந்த லைன் எந்த அறைக்கு என்று நீ எழுதி ஒட்டியிருக்கிற தாளில் அடியில் இடம் கிடக்கிறது. அதில் எழுது: வயரிங், ஞானதாஸ், பூதப்பாண்டி. முதலில் இறுக்கி அடித்ததும் அவர், பிறகு சரியாக அடித்ததும் அவர். பாராட்டை மட்டும் நான் கேட்கவில்லை, நீ வாங்கின ஏச்சும் என்னுடையது, அதையும் சேர்த்துத் தா. தமிழில் எழுது. பரிசோதகருக்கு அது தெரிய வேண்டாம்.